போடிமெட்டுப் பாதையில் நான் காரைவிட்டு இறங்கியது ஏன்

செழியா,

இக்கடிதம் உன் கைக்கு வந்து சேரும்போது நான் பட்டாபிராமில் நம் வீட்டில் இருப்பேன். எழுதும் இவ்வேளையிலோ போடிமெட்டில், ஒரு தேநீர்க் கடையின் பெஞ்சில், புடவையின் கீழ்ப்பாதி நனைந்த நிலையில் அமர்ந்திருக்கிறேன். பதறாதே. என்னை எவரும் அழைத்து வரவில்லை, நானே வந்தேன். பட்டாபிராமிலிருந்து சென்ட்ரலுக்கு மின்ரயில், அங்கிருந்து போடி ரயில், போடியிலிருந்து மூணாறு செல்லும் பேருந்து. உன் தந்தையிடம் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டேன். "நீ போய்ட்டா நான் இன்னாத்த துன்றது? தோசமாவு கீதா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றேன். "அப்ப போய்ட்டு வா. மலைல வாய வச்சிகினு சும்மா இரு, எவன்கிட்டயும் இலக்கணம் பேசாத" என்றார். அவருடைய வாழ்த்துரை எப்போதும் அப்படித்தான் அமையும்.

சென்ற மாதம் இதே மலையில், பாதி வழியில், கொட்டும் மழையில் உன் காரைவிட்டு நான் இறங்கினேன். நீ வண்டியைத் திருப்பும்படி ஆயிற்று. அன்று முதல் நீ என்னோடு பேசவில்லை. நாள்தோறும் தொலைபேசியில் வருபவள் என் மருமகள் நித்யா. பின்னணியில் உன் குரல் கேட்கிறது, ஆனால் அது எனக்கு உரியதாக இருப்பதில்லை. சென்னீர்குப்பத்தில் உன் அடுக்ககத்தின் வாகன நிறுத்தத்தில் என் பையை இறக்கி வைத்துவிட்டு நீ சொன்ன வாக்கியங்கள் என் நினைவில் அப்படியே இருக்கின்றன. "உன்ன நம்பி எங்கயும் கூட்டினு போக முடியாதும்மா. வயசாயிடுச்சி உனக்கு. பயந்தாங்கொள்ளி மாதிரி நடுரோட்ல இறங்கி மானத்த வாங்கிட்ட. இனிமே ஊட்லயே இரு." கோபம் வந்தால் உன் அலுவலகத் தமிழ் அகன்று, ஆவடி குவார்ட்டர்ஸ் மைதானத்துத் தமிழ் வந்துவிடுகிறது, அது எனக்கு வருத்தமளிக்கவில்லை. எனக்கு வயதாகிவிட்டது என்பதிலும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அந்த நடுச்சொல்லை என்னால் ஏற்க இயலாது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். எஞ்சியதைக் குவார்ட்டர்ஸ் நூலகத்தின் மூலையில் அமர்ந்து நானே கற்றுக்கொண்டேன். அச்சகத்தார் தந்த மாதிரிகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு உன் திருமண அழைப்பிதழை எழுதியவளும் நானே. அந்த உரிமையில் சொல்கிறேன். பயந்தாங்கொள்ளி என்பவன் தன் பயத்தை வாய்விட்டுச் சொல்லத் துணியாதவன். நான் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். நீ கேட்காதபோது கதவைத் திறந்தேன்.

முதலில், உனக்குச் சாதகமானதை நானே எழுதிவிடுகிறேன். அன்று அந்தப் பாதையில் ஒன்றும் நிகழவில்லை. மண் சரியவில்லை, பாறை உருளவில்லை, ஒரு கூழாங்கல்கூட விழவில்லை. நாம் திரும்பிய பிறகு எத்தனையோ கார்கள் மேலே சென்றன. நமக்கு முன்னே வேறு காரில் சென்ற உன் நண்பன் பிரதீப் அருவியின் முன் நின்று பல்லைக் காட்டும் படங்களை நித்யா எனக்கும் காட்டினாள். அழகான அருவிதான். "பாத்தியா, எல்லாரும் போய்ட்டு வந்துட்டாங்க" என்று நீ சொல்வாய், உண்மை. நடந்தேறியதை வைத்துத் தீர்ப்பு வழங்குவதென்றால் வழக்கில் நான் தோற்றவள். எனினும் மறுபடியும் அதே வளைவு, அதே மழை, அதே கார் என்றால் அதே இடத்தில்தான் இறங்குவேன். ஏன் என்பதைப் பொறுமையாகக் கேள்.

நாம் புறப்பட்ட கோலத்தை நினைத்துப் பார். ஆனி மாதம்; நம் பக்கத்தில் தார்ச்சாலை இளகும் வெயில். மழை என்றால் நமக்கு ஐப்பசியும் கார்த்திகையும்தான். அதனால் நீ கறுப்புக் கண்ணாடி எடுத்துக்கொண்டாய். நித்யா வெயிலுக்குப் பூசும் களிம்பு எடுத்துக்கொண்டாள். நானோ பனையோலை விசிறி எடுத்துக்கொண்டேன். மூவரில் ஒருவர்கூடக் குடை எடுக்கவில்லை. தேனியில் இரவு தங்கிக் காலையில் கிளம்பியபோதும் வறண்ட காற்றுதான் மண்ணை வாரி வீசியது. போடியைத் தாண்டி மலை ஏறத் தொடங்கி, சில வளைவுகள் கடந்ததும் வெயில் அணைந்தது. அதன்பின் மேலிருந்து ஒரு வெண்மை இறங்கி வந்து காரை மூடிக்கொண்டது. அதனுள் மழை பெய்துகொண்டிருந்தது. வைப்பர் துடைக்கத் துடைக்கக் கண்ணாடிக்கு அப்பால் ஒன்றுமில்லை. முன்னே ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் ஒரு ஜீப்பின் சிவப்பு விளக்குகள் மட்டும் தெரிந்தன.

அப்போதுதான் பிரதீப் அழைத்தான். காரின் ஒலிபெருக்கியில் அவன் குரல் முழங்கியது. "மச்சான், இன்னாடா மாட்டு வண்டியா ஓட்டினு வர்ற? நாங்க மேல வந்து டீ குடிச்சி, பஜ்ஜி துன்னு, ரெண்டாவது டீ சொல்லிட்டோம்!"

"தோ வந்துட்டேன் மாமே" என்றாய். உன் பாதம் அழுந்தியதை என் இருக்கையில் உணர்ந்தேன்.

"செழியா, ஓரமா நிறுத்துடா. கொஞ்சம் விலகட்டும்" என்றேன்.

"மழையில நிறுத்தக்கூடாதும்மா. தெரியாதா உனக்கு? முன்னாடி ஜீப் போவுதுல்ல, அவன் லைட்ட புடிச்சினே போயிடலாம்."

ஆம், எனக்குத் தெரியும். அந்த விதியை உனக்குக் கற்பித்தவளே நான்தான். கொரட்டூர் ஏரி நிரம்பித் தெருக்களில் வழிந்த அந்த ஆண்டு நீ கல்லூரியில் சேர்ந்திருந்தாய். உன் தந்தையின் பழைய ஸ்கூட்டரில் என்னைப் பின்னால் அமர்த்திக்கொண்டு, தண்டவாளத்துக்கு அடியில் செல்லும் சுரங்கப்பாதையில் இறங்கினாய். தண்ணீர் முழங்காலைத் தொட்டது. வழியெங்கும் அணைந்துபோன வண்டிகள். நீ வேகத்தைத் தளர்த்தினாய். நான் உன் முதுகில் தட்டி, "நிக்காதடா, ஆக்ஸிலேட்டர விட்றாத, முன்னாடி போறவன் பின்னாலயே போ" என்று கத்திக்கொண்டே வந்தேன். மறுகரை ஏறியதும் நாம் இருவரும் பைத்தியக்காரர்களைப் போலச் சிரித்தோம். நம் பக்கத்து மக்கள் அனைவருக்கும் மழை பற்றித் தெரிந்த சாத்திரம் அவ்வளவுதான். நின்றால் புகைக்குழாயில் நீர் ஏறும், வண்டி அணையும், ஆகவே நிற்காதே. அது நல்ல சாத்திரம். நான் அதைத் திரும்பப் பெறப் போவதில்லை. ஆனால் அது தேங்கிய தண்ணீருக்கு உரியது. கொரட்டூரில் மழை காலடியில் இருக்கிறது. வழி கண்ணுக்குத் தெரிகிறது. இங்கே காலடியில் ஒன்றுமில்லை, கண்ணெதிரில்தான் மழை. நீ சுரங்கப்பாதையை மலைமேல் ஏற்றிக்கொண்டு சென்றாய், செழியா. இதை முட்டாள்தனம் என்று நான் சொல்லமாட்டேன். வேறு ஊரில் பிறந்தவன் எவனும் செய்யாத தவறு. நம் ஊர்ப்பிள்ளை மட்டுமே செய்யக்கூடியது.

பிறகு அந்த ஜீப் யாரையோ இறக்கிவிட வளைவில் நின்றது. நீ பிரேக்கை மிதித்தாய். கார் சற்று வழுக்கிச் சென்று, ஜீப்பின் பின்படியைத் தொடாமல் தொட்டு நின்றது. அதே நேரத்தில் மேலிருந்து ஒரு பேருந்து ஒலி எழுப்பியபடி நம்மை உரசுவதுபோல் இறங்கிப் போயிற்று. "ஒண்ணும் ஆகலல்ல?" என்று கேட்டுவிட்டு நீ மறுபடியும் கியரைப் போட்டாய். நீ பார்த்தது சாலையை. நான் பார்த்தது வேறு ஒன்று. முன் இருக்கையில் இருந்த நித்யா ஜன்னலுக்கு மேலுள்ள பிடியை ஒரு கையால் இறுகப் பற்றியிருந்தாள், விரல்கள் வெளுத்திருந்தன. அவள் உதடுகள் திறந்தன, மூடின. ஒரு சொல்லும் வெளிவரவில்லை. திருமணமாகி ஓராண்டுகூட நிறையாத பெண். கணவன் நண்பன் முன் தலைகுனிய நேரும் என்றால், தன் உயிரைப் பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு பேசாமல் வருவாள். அந்த மௌனத்தை நான் அறிவேன். என் முதல் ஆண்டில் அதுவே என் தாய்மொழியாக இருந்தது.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நாங்கள் மணமாகிக் குவார்ட்டர்ஸுக்கு வந்த புதிதில், உன் தந்தை என்னை ஸ்கூட்டரில் அமர்த்தித் திருமுல்லைவாயில் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். வழியில் ஒரு மேடு. என் வலக்கால் செருப்பு நழுவி விழுந்துவிட்டது. திருமணத்துக்கு என் அண்ணன் வாங்கித் தந்த செருப்பு. "நிறுத்துங்க" என்ற ஒரு சொல் போதும். சொல்லவில்லை. புதுக் கணவர், நல்ல வேகத்தில் மகிழ்ச்சியாகப் பாடிக்கொண்டு ஓட்டுகிறார், எப்படிச் சொல்வது? கோயில் வாசலில் மற்றொரு செருப்பையும் யாருக்கும் தெரியாமல் சுவரோரம் விட்டுவிட்டு, வெறுங்காலோடு வீடு திரும்பினேன். இரண்டு நாள் கழித்துத்தான் அவர் கவனித்தார். "செருப்பு எங்க?" விழுந்துவிட்டது என்றேன். "விய்ந்தா சொல்ல வேண்டியதானே? நிறுத்தியிருக்க மாட்டனா? இன்னா பொண்ணும்மா நீ!" என்று தலையில் அடித்துக்கொண்டார். உண்மைதான்; அவர் நிறுத்தியிருப்பார். அவர் அத்தகையவர். ஆனால் அவர் நிறுத்துவார் என்பது எனக்குத் தெரியாதே! பின்னால் அமர்ந்திருப்பவள் அதை ஊகித்து அறிய வேண்டுமா? ஓட்டுகிறவன்தான் முன்னமே தெரிவித்திருக்க வேண்டும். என் விஷயத்தில் ஒரு செருப்பு போயிற்று. செருப்பளவில் முடிந்தது என் நல்வாய்ப்பு.

ஆகவேதான், மறுபடி மறுபடி நிறுத்தச் சொல்லியும் நீ கேட்காதபோது, கார் நகர்வதற்குள் இறங்கினேன். நித்யாவால் சொல்ல இயலாததை என்னால் சொல்ல இயலும். நீ கேட்காவிட்டால் என்னால் இறங்கவும் இயலும். நீ கண்ணாடியை இறக்கி, "இன்னாம்மா பண்ற நீ? ஏறும்மா! பின்னாடி வண்டி நிக்குது, எல்லாம் பாக்குறான்!" என்று கத்தினாய். "பாக்கட்டும். நீ வண்டிய திருப்பு, ஏறுறேன்" என்றேன். ஜீப்பிலிருந்த தோட்டத்துப் பெண் ஒருத்தி தலையை நீட்டி, "ஏத்தா, மழையில நின்னுக்கிட்டு என்ன பஞ்சாயத்து?" என்று விசாரித்தாள். என் மகன் நிறுத்தமாட்டேன் என்கிறான் என்றேன். "ஆம்பளைகன்னா அப்படித்தேன். நீ ஏறிராத" என்று எனக்குத் தீர்ப்பளித்துவிட்டு அவள் போய்விட்டாள். உன் முகம் சிவந்ததை நான் கண்டேன். உன்னை அவ்விடத்தில் தலைகுனிய வைத்ததற்காக என் மனம் வருந்தியது, இன்றும் வருந்துகிறது. ஆனால் வருத்தம் வேறு, மனமாற்றம் வேறு.

இனி, இன்று நான் ஏன் வந்தேன் என்பதைக் கேள். நான் மழைக்கோ மலைக்கோ அஞ்சினேனா, அல்லது உன் காருக்கு மட்டும் அஞ்சினேனா என்பதை எனக்கு நானே உறுதி செய்துகொள்ள விரும்பினேன். வீட்டிலேயே இரு என்று நீ சொன்னபடி இருந்துவிட்டால், உன் சொல் உண்மையாகிவிடும் அல்லவா? இம்முறை குடை எடுத்து வந்தேன். போடி பேருந்து நிலையத்திலேயே காற்று அதைத் தலைகீழாக மலர்த்திவிட்டது. நடத்துநர் என்னைப் பார்த்து, "பெரியம்மா எங்க, மூணாறா பூப்பாறையா?" என்றார். போடிமெட்டு என்றேன். "மெட்டுல என்ன இருக்கு? டீக்கடையும் செக்போஸ்ட்டுந்தேன். இன்னைக்கு அதுவும் கண்ணுக்குத் தெரியுமான்னு சந்தேகம்." எனக்கு அதுதான் வேண்டும் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சீட்டைக் கிழித்துத் தந்தார்.

சென்ற மாதம் நாம் கண்ட அதே வெண்மை, ஏறக்குறைய அதே உயரத்தில், பேருந்தையும் மூடிக்கொண்டது. மறைக்காமல் எழுதுகிறேன்: எனக்கு அச்சமாக இருந்தது. முன்னிருக்கைக் கம்பியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். அப்போது பின்னாலிருந்து ஒரு பெண்குரல், மிகச் சாதாரணமாக, "டிரைவர் தம்பி, செத்த நிப்பாட்டுப்பா. ஒண்ணுமே தெரியல, பயமா இருக்கு" என்றது. ஓட்டுநர் மறுபேச்சுப் பேசாமல் மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்திவிட்டார். அவர் ஒன்றும் மகான் அல்லர். போன வாரம்தான் மெமோ வாங்கினாராம். இன்னொன்று வாங்கத் தெம்பில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே வெற்றிலையைப் பிரித்தார். வண்டிக்குள் கலகலப்புத் தொடங்கியது.

"ஏண்ணே, நான் கல்யாணத்துக்குப் போறேன்ணே! இங்கனயே நின்டா அங்க தாலியக் கட்டி முடிச்சிருவாய்ங்க!" என்றான் பட்டுவேட்டி கட்டிய ஒருவன்.

"தாலி நீயாடா கட்டப்போற? பந்திக்குத்தான போற, பேசாம இரு" என்றார் நடத்துநர்.

"பந்தியும் முடிஞ்சா?"

"மொய்ய மட்டும் எழுதிட்டு வா."

பேருந்தே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள். அவளை ஒருவரும் பயந்தாங்கொள்ளி என்று சொல்லவில்லை; ஏன் நிறுத்தச் சொன்னாய் என்று கேட்கவுமில்லை. அவள் ஒரு சொல் சொன்னாள், வண்டி நின்றது, அவ்வளவே. கம்பியிலிருந்து என் கைகள் எப்போது விலகின என்று எனக்கே தெரியவில்லை. மேகம் விலகியதும் வண்டி தானாகக் கிளம்பியது. மலையும் மழையும் மாறவில்லை, பயந்த கிழவியும் நானேதான். ஆனால் இந்தப் பேருந்தைவிட்டு நான் இறங்க நினைக்கவில்லை. எனக்கு வேண்டிய விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

மேலே வந்து நான் கண்டதையும் உனக்குச் சொல்லியாக வேண்டும். நீ காணவேண்டியதை உன்னிடமிருந்து பறித்தவள் நான். இந்தக் கணவாயின் முகட்டில் நின்றால் மேற்கே ஒன்றும் தெரியாது, மழையின் இரைச்சல் மட்டுமே. கிழக்கே திரும்பினால் வெகு கீழே போடிச் சமவெளி முழுவதும் பொன் வெயிலில் கிடக்கிறது. தென்னந்தோப்புகளும் மாந்தோப்புகளும் கோலப்புள்ளிகளைப் போல. மேகம் மேற்கிலிருந்து புரண்டு வந்து, முகட்டைத் தாண்டிக் கிழக்கே சரிகிறது. சரிந்த சற்று நேரத்தில் எங்கே போயிற்று என்றே தெரியாமல் இல்லாது போகிறது. அடுத்தது வருகிறது. அதுவும் போகிறது. என் ஒரு தோள் நனைய, மறு தோள் காய நின்றேன். கடைக்காரர், "அம்மா, உள்ள வாங்க, காய்ச்சல் வந்துரும்" என்று அழைக்கும்வரை அசையவில்லை. இத்தனை ஆண்டுகளில் படித்துச் சேர்த்த சொற்கள் அத்தனையும் இருந்தும், அந்த இடத்தில் எனக்கு ஒரு சொல்லும் தேவைப்படவில்லை.

பெஞ்சில் அமர்ந்து இக்கடிதத்தைத் தொடங்கிப் பாதியில் இருந்தபோது நித்யா அழைத்தாள்.

"அத்தை, மாமா நீங்க ஊர்ல இல்லன்னு சொல்றாரு. எங்க இருக்கீங்க?"

"போடிமெட்டுல."

"அய்யோ! யார்கூட அத்தை?"

"ஒரு பஸ் நிறைய ஆளுங்ககூட."

அவள் சிரித்தாள். நீங்கள் மணமான நாள் முதல் அவள் அவ்வளவு நேரம் சிரித்து நான் கேட்டதில்லை. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அத்தை, அன்னிக்கு நீங்க இறங்குறதுக்கு முன்னாடியே நான் கதவுல கைய வச்சிட்டேன். திறக்கத்தான் தைரியம் வரல. நீங்க இறங்கினதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு. அவர்கிட்ட சொல்லிடாதீங்க, வருத்தப்படுவாரு." நான் அவனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன், இதை எழுதட்டுமா என்று கேட்டேன். குக்கரின் விசில் மட்டும் கேட்டது. அழைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தபோது, "எழுதுங்க அத்தை" என்றாள்.

எழுதிவிட்டேன். அவள் அனுமதியோடுதான் எழுதினேன். இதைப் படித்ததும் அவளிடம் போய், "ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்காதே. அந்தக் கேள்விக்கான விடை அவளிடம் இல்லை, உன்னிடம் இருக்கிறது. என்னோடு பேசுவதா வேண்டாமா என்பதையும் நீ நிதானமாக முடிவு செய்துகொள். நான் காத்திருப்பேன், எனக்குப் படிக்க நூல்கள் உள்ளன. நித்யா காத்திருக்க வேண்டிய நிலைதான் கூடாது. மழைக்காலம் முடிவதற்குள் நீங்கள் இருவர் மட்டும் இங்கே வாருங்கள். பிரதீப்பை முன்னே அனுப்பாதே, பின்னே வரச் சொல். தாம்பரத்தைத் தாண்டுவதற்கு முன்பே அவளிடம், "நீ நிறுத்துன்னா நிறுத்திடுவேன், ஏன்னு கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிடு. அவள் உடனே நம்பமாட்டாள். திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ அருகில், ஒரு காரணமும் இல்லாமல், நீ நல்ல வேகத்தில் செல்லும்போது, "நிறுத்துங்க" என்று சொல்லிப் பார்ப்பாள். நிறுத்து. அவள் ஒன்றுமில்லை என்பாள். சரி என்று சொல்லிவிட்டு மறுபடியும் கிளம்பு. அதன்பின் இந்த மலையில் நீங்கள் இருவரும் எந்த மேகத்துக்குள் புகுந்தாலும் நான் பட்டாபிராமில் நிம்மதியாகத் தூங்குவேன்.

என்னையும் அழைக்க வேண்டுமே என்று சங்கடப்படாதே. எனக்குப் பேருந்து இருக்கிறது. அதோ, கீழே செல்லும் வண்டி வளைவில் ஒலி எழுப்புகிறது. ஜன்னலோரம் கிடைக்குமா என்று பார்க்கிறேன்.

உன் அம்மா